பதினாறு வயதின் விலை

ஷூவுக்குப் பாலிஷ் போட்டுத் திரிந்த சிறுவன் கோடீஸ்வரன் ஆன கதை எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். டொமினிகன் குடியரசின் சான் பெத்ரோ தே மகோரீஸ் நகரத் தெருக்களில் அப்படித் திரிந்த சாமி சோசாவை 1985இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி 3,500 டாலர் கொடுத்து ஒப்பந்தம் செய்தது. 1998இல் அவர் ஒரே பருவத்தில் 66 ஹோம் ரன்கள் அடித்தார். பிற்காலத்தில் அவர்மீது ஊக்கமருந்துச் சந்தேகங்கள் படிந்த பிறகும் அந்தக் கதையின் பளபளப்பு குறையவில்லை. இலக்கிய நண்பர் ஒருவர் அண்மையில் இதே கதையை எனக்குச் சொல்லி, “ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வாசலைத் திறந்து வைப்பது விளையாட்டு ஒன்றுதான்” என்று முடித்தார். நல்ல மனிதர். நிறைய வாசித்தவர். ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூட உண்மை இல்லை என்பது என் கட்சி. வாசல் ஒன்றல்ல, இரண்டு. ஏழையின் வாசலில் நிற்பவர் அவனுடைய திறமையைவிட அவன் வயதைத்தான் முதலில் பார்க்கிறார்.

முதலில் கொஞ்சம் வரலாறு. பேஸ்பால் அத்தீவுக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஸ்பெயினுக்கு எதிரான போரிலிருந்து தப்பி வந்த கியூபர்களுடன். அவர்களில் சிலர் கரும்புத் தோட்டங்களையும் சர்க்கரை ஆலைகளையும் நிறுவினார்கள். ஆலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆங்கிலம் பேசும் கரிபியத் தீவுகளிலிருந்து கூலிகளாக வந்தவர்களை ‘கொகோலோ’ என்று அழைத்தார்கள். அவர்கள் கொண்டுவந்த விளையாட்டு நமக்கு மிக நெருக்கமான கிரிக்கெட். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பேஸ்பாலுக்கு மாறினார்கள். 1916 முதல் 1924 வரை நாட்டை ஆண்ட அமெரிக்கக் கடற்படை வீரர்கள் அதை மேலும் ஊன்றச் செய்தார்கள். ஒரு நகரம் இத்தனை ஆட்டக்காரர்களை எப்படி உருவாக்கியது என்று வியப்பவர்கள் அந்த மண்ணில் ஏதோ மந்திரம் இருப்பதுபோல் எழுதுகிறார்கள். சான் பெத்ரோவின் மண்ணில் இருந்தது கரும்பு. கரும்பு ஆறு மாதம் வேலை தரும்; மீதி ஆறு மாதம் தராது. ‘செத்த காலம்’ என்று அவர்கள் சொல்லும் அந்த மாதங்களில் ஆலை அணிகள் பந்தாடின.

1956இல் ஓசி வெர்ஜில் அமெரிக்கப் பெருங்குழு ஆட்டத்தில் கால்வைத்த முதல் டொமினிகனியர் ஆனார். 1983இல் ஹுவான் மரிச்சல் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். இன்று ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் மக்கள் வாழும் அந்த நாட்டிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் பருவத்தின் தொடக்க நாளன்று முப்பது அணிகளிலுமாகச் சேர்த்து நூறு பேர் அளவில் களத்தில் நிற்கிறார்கள். அமெரிக்காவுக்கு வெளியே வேறெந்த நாடும் இதை நெருங்கவில்லை. இந்தப் பெருமையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. இந்த நூறு பேர் எப்படி வாங்கப்படுகிறார்கள், வாங்கப்பட்டுக் கழிக்கப்பட்ட மற்றவர்கள் எங்கே போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

*

ஓர் அமெரிக்கச் சிறுவன் பேஸ்பாலில் நுழையும் வழியைப் பாருங்கள். அவன் பள்ளி இறுதி வரை படிக்கிறான். பிறகு ஆண்டுதோறும் நடக்கும் ‘டிராஃப்ட்’ என்னும் தேர்வுமுறையில் ஓர் அணி அவனைத் தேர்ந்தெடுக்கிறது. தொகை பிடிக்கவில்லையா, பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவேன் என்று அவன் சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்துக்கு விலை உண்டு. அணிகள் அதற்குப் பணிந்து தொகையை உயர்த்துகின்றன.

டொமினிகன் சிறுவன் டிராஃப்டுக்குள் வரமாட்டான். பதினாறு வயது நிறைந்ததும் எந்த அணியுடனும் பேரம் பேசும் சுதந்திரம் அவனுக்கு உண்டு என்கிறது விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2017 முதல் ஒவ்வோர் அணியும் அயல்நாட்டுச் சிறுவர்களுக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்கு மீறமுடியாத உச்சவரம்பு வந்துவிட்டது. விற்பவனுக்கு முழுச் சுதந்திரம், வாங்குபவர் அத்தனை பேருக்கும் சேர்ந்தெடுத்த உச்சவிலை. இதற்குச் சந்தை என்று பெயர் வைப்பது சந்தைக்கே அவமானம்.

எண்களைக் கொண்டே சொல்கிறேன். அயல்நாட்டுச் சிறுவர்களையும் டிராஃப்டுக்குள் கொண்டுவர 2022இல் பேச்சுவார்த்தை நடந்தது. முப்பது அணிகளும் சேர்ந்து உலகத்துச் சிறுவர்கள் அனைவருக்குமாகத் தர முன்வந்த இறுதித் தொகை ஆண்டுக்கு 19.1 கோடி டாலர். ஆட்டக்காரர் சங்கம் கேட்டது 26 கோடி. உடன்பாடு ஏற்படவில்லை. இரண்டே ஆண்டுகள் கழித்து, 2024 டிசம்பரில், அந்த முப்பது அணிகளில் ஒன்றான நியூயார்க் மெட்ஸ், சாந்தோ தொமிங்கோவில் பிறந்த ஹுவான் சோத்தோ என்னும் ஒரே ஆட்டக்காரருக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. பணம் இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. ஒரு முழுத் தலைமுறைச் சிறுவர்களின் விலை, அவர்களில் வென்ற ஒருவனின் விலையில் கால் பங்கு.

மலிவு என்பது இந்த வணிகத்தின் தற்செயலான குணம் அல்ல. அதன் அடிப்படைக் கொள்கை. கொலராடோ ராக்கீஸ் அணியின் உயரதிகாரியாக இருந்த டிக் பால்டர்சன் இதை மறைக்காமல் சொன்னார். தலைக்கு 25,000 டாலர் கொடுத்து நான்கு அமெரிக்கர்களை எடுப்பதற்குப் பதிலாக, தலைக்கு 5,000 டாலருக்கு இருபது டொமினிகன்களை எடுக்கலாம் என்பது அவர் கணக்கின் சாரம். படகு நிறைய அள்ளிவருவது என்ற பொருளில் அவர் பயன்படுத்திய உவமை பின்னர் பெரிதும் பேசப்பட்டது. அட்லாண்டிக்கைத் தாண்டி அந்தத் தீவுக்கு முன்பு எத்தகைய படகுகள் வந்தன என்பதை அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். இருபதில் ஒருவன் தேறினால் கணக்கு நேராகிவிடும். தேறாத பத்தொன்பது பேர் கணக்கில் வருவதில்லை.

*

இனி இடைத்தரகர். ஸ்பானிய மொழியில் அவரை ‘புஸ்கோன்’ என்கிறார்கள். தேடுபவர் என்ற பொருள் அதில் உண்டு. நம்மிடம் இதற்கு ஈடான சொல் ஒன்று இருக்கிறது: கங்காணி. ஊருக்குள் வந்து ஆள் பிடிப்பவர், முன்பணம் கொடுப்பவர், தலைக்கு இவ்வளவு என்று பங்கு எடுப்பவர், தோட்டத்துக்கும் கூலிக்கும் நடுவே நிற்பவர். இரண்டுக்கும் வேறுபாடுகள் உண்டு. ஆனால் ஓர் அம்சத்தில் இருவரும் இரட்டைப் பிள்ளைகள்: துரைகள் கங்காணியைத் திட்டிக்கொண்டே அவர் இல்லாமல் ஒரு நாளும் தோட்டத்தை நடத்தியதில்லை.

புஸ்கோன் பதினொன்று, பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கண்டெடுக்கிறார். தன் முகாமில் தங்கவைத்துச் சோறு போடுகிறார். காலணியும் மட்டையும் வாங்கித் தருகிறார். சிறுவன் பள்ளியை விடுகிறான், அல்லது பள்ளி அவனை விடுகிறது. காலை முழுவதும் பயிற்சி. அறுபது கெஜத்தை எத்தனை நொடியில் ஓடுகிறான், பந்தை எத்தனை மைல் வேகத்தில் எறிகிறான் என்று நிறுத்தற்கடிகாரமும் வேகமானியும் எழுதும் எண்களே அவனுடைய மதிப்பெண் பட்டியல். ஒப்பந்தத் தொகையில் புஸ்கோன் எடுப்பது முப்பது விழுக்காடு, சில நேரம் அதற்கும் மேல். அமெரிக்காவில் ஒரு முகவர் ஐந்து விழுக்காட்டை ஒட்டி வாங்கும் வேலை இது என்று பத்திரிகைகள் கொதிக்கின்றன. கொதிக்கட்டும். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும்: நான்கு ஆண்டுகள் அந்தச் சிறுவனுக்குச் சோறு போட்டது எந்த அணி? எந்த அணியும் இல்லை. ஆட்டக்காரனை வளர்த்தெடுக்கும் செலவையும், அவன் தேறாமல் போகும் அபாயத்தையும் ஏழை நாட்டின் தரகர் தலையில் கட்டிவிட்டு, அவர் வட்டியோடு அதை வசூலிக்கும்போது முகம் சுளிப்பது என்ன நியாயம்?

புஸ்கோன்களில் தகப்பனைப்போல் இருப்பவர்களும் உண்டு; சிறுவர்களின் உடலில் விலங்குகளுக்கான ஊக்கமருந்தை ஏற்றியவர்களும் உண்டு. பின்னவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். அவர்கள் சிறையில் இருக்க வேண்டியவர்கள். ஆனால் பதினாறு வயதில் ஒரு மைல் வேகம் கூடினால் விலை பல்லாயிரம் டாலர் ஏறும் என்று நிர்ணயித்தவர்கள் முகாமில் இல்லை. அவர்கள் குளிரூட்டிய அறைகளில் இருக்கிறார்கள்.

அந்த அறைகளின் கைகளும் சுத்தமாக இல்லை. சிகாகோ வைட் சாக்ஸ் அணியின் மூத்த அதிகாரி டேவிட் வைல்டர், இலத்தீன் அமெரிக்க இளைஞர்களின் ஒப்பந்தத் தொகையிலிருந்தே தனக்குப் பங்கு பிடித்துக்கொண்டதற்காக 2008இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2011இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2017இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணியின் பொதுமேலாளர் ஜான் கோப்பொலெல்லா அயல்நாட்டு ஒப்பந்த விதிகளை ஏய்த்ததற்காக ஆயுள் தடை பெற்றார். 2023இல் அந்தத் தடையும் விலக்கப்பட்டது. ‘டொமினிகன் ஊழல்’ என்று எழுதுபவர்கள் இந்தப் பெயர்களின் எழுத்துக்கூட்டலைச் சற்று கவனிக்கலாம்.

*

இப்போது பொய் வயதுக்கு வருகிறேன். இந்த விவாதத்தில் எதிர்த்தரப்பு எப்போதும் வீசும் துருப்புச்சீட்டு அதுதான். 2006இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி எஸ்மைலின் கொன்சாலஸ் என்ற பதினாறு வயதுச் சிறுவனுக்கு 14 லட்சம் டாலர் கொடுத்தது. 2009இல் உண்மை வெளிவந்தது: பெயரும் வேறு, வயதும் வேறு, ஒப்பந்தத்தின்போது அவனுக்கு இருபது. அணியின் பொதுமேலாளர் பதவி விலகினார். 2012 ஜனவரியில் ஃபாஸ்தோ கார்மோனா என்ற பெயரில் பல ஆண்டுகள் ஆடிய பந்துவீச்சாளர் சாந்தோ தொமிங்கோவில் கைதானார். உண்மைப் பெயர் ரொபெர்த்தோ எர்னாந்தஸ். மூன்று வயது மூத்தவர். ‘பார்த்தீர்களா, ஏமாற்றுக்காரர்கள்’ என்றார்கள்.

நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்கிறேன். ஃபிரம்பர் வால்டெஸ் என்ற டொமினிகன் இளைஞரை 2015இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி ஒப்பந்தம் செய்தபோது அவருக்கு 21 வயது. அவர் வயதை மறைக்கவில்லை. கிடைத்தது 10,000 டாலர். 2022இல் அவர் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். அதே ஆண்டு உலகத் தொடரை வென்ற அணியின் முன்னணிப் பந்துவீச்சாளர் அவர். மாறாக, 2008இல் ஓக்லண்ட் அணி மைக்கேல் இனோவா என்ற பதினாறு வயதுச் சிறுவனுக்கு 42.5 லட்சம் டாலர் கொடுத்தது. காயங்களோடு போராடி, எட்டு ஆண்டுகள் கழித்து வேறோர் அணிக்காகச் சில காலம் ஆடியதோடு அவர் கதை முடிந்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் சந்தை எதை வாங்குகிறது என்பது விளங்கிவிடும். பதினாறுக்கு லட்சங்கள், இருபத்தொன்றுக்கு ஆயிரங்கள். உண்மை சொன்னால் பத்தாயிரம், பொய் சொன்னால் பதினான்கு லட்சம் என்று ஒரு நாட்டின் ஏழைகளுக்குப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, அவர்கள் ஏன் பொய் சொல்கிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறார்கள்.

ஆராய்ச்சி என்றது வெறும் பேச்சுக்கல்ல. சிறுவர்களின் எலும்பு வளர்ச்சியைப் படமெடுத்தார்கள். மரபணுச் சோதனை செய்தார்கள். மிகெல் சானோ என்ற சிறுவனின் வயது குறித்து 2009இல் நடந்த விசாரணையை ‘பால்பிளேயர்: பெலோத்தெரோ’ என்ற ஆவணப்படம் பதிவுசெய்திருக்கிறது. சோதனைக்கு உட்பட மறுக்கும் உரிமை அந்தக் குடும்பத்துக்குப் பெயரளவில் இருந்தது. மறுத்தால் ஒப்பந்தம் இல்லை.

இதில் இன்னொரு அடுக்கு உண்டு. பிறப்புச் சான்றிதழ் என்பது அந்த நாட்டில் எல்லோருக்கும் கிடைக்கும் தாள் அல்ல. கரும்புத் தோட்டக் குடியிருப்புகளில் ஹைத்தியத் தொழிலாளர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் தலைமுறைகளாகப் பதிவேட்டுக்கு வெளியே நின்றார்கள். 2013 செப்டம்பரில் அந்நாட்டு அரசியல்சாசன நீதிமன்றம், 1929 முதல் முறையான ஆவணமில்லாத பெற்றோருக்குப் பிறந்தவர்களின் குடியுரிமையையே செல்லாததாக்கியது. அடுத்த ஆண்டு வந்த சட்டம் ஒரு பகுதியினருக்கு மட்டும் நிவாரணம் தந்தது. அரசே தாளைப் பறிக்கும் நாட்டில், ஒரு சிறுவனின் முழு வாழ்வையும் ஒரு தாளின்மீது நிறுத்திவைத்து, அது சற்றே கோணலாக இருந்தால் அவனைக் குற்றவாளி என்கிறார்கள்.

*

விதிகள் சிறுவர்களைக் காக்கத்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். விதி எப்படி வந்தது என்பதை நினைவுகொள்வோம். 1984இல் டொராண்டோ ப்ளூ ஜேஸ் அணி பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனை ஒப்பந்தம் செய்தது. அதன் பிறகுதான் வயது வரம்பு வந்தது. இன்றோ, பன்னிரண்டு பதின்மூன்று வயதுச் சிறுவர்களுடன் அணிகள் வாய்மொழியாகப் பேசி முடித்துவிடுகின்றன என்பது அத்தொழிலில் எல்லோரும் அறிந்த இரகசியம். கையெழுத்து மட்டும் பதினாறில். அதாவது விதி எண்பதுகளின் வழக்கத்தை ஒழிக்கவில்லை. எழுத்தில் இருந்ததை வாய்ச்சொல்லாக்கியது. எழுத்தில் இருந்தபோது அணியும் கட்டுப்பட்டது. வாய்ச்சொல்லில் சிறுவன் மட்டுமே கட்டுப்படுகிறான். நடுவில் தோள் வலித்தாலோ, வளர்த்தி நின்றாலோ, அணியின் மனம் மாறினாலோ முறையிட அவனுக்கு இடமில்லை. ஏனெனில் அப்படியொரு பேச்சே விதிப்படி நடந்திருக்கக் கூடாது. 2020இல் கொள்ளைநோயின் காரணமாகக் கையெழுத்து நாள் ஜூலை 2இலிருந்து அடுத்த ஜனவரி 15க்குத் தள்ளிப்போனபோது, வரப்போகும் பணத்தை நம்பிக் கடன் வாங்கிய குடும்பங்களுக்கு ஆறு மாத வட்டி கூடியது. அதை யார் கட்டினார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கையெழுத்துக்குப் பிறகு அகாதெமி. டொராண்டோவும் டாட்ஜர்ஸும் தொடங்கிவைத்ததை இன்று முப்பது அணிகளும் நடத்துகின்றன. பச்சைப் புல்வெளி, சுத்தமான படுக்கை, மூன்று வேளை உணவு, ஆங்கில வகுப்பு. சில அணிகள் பள்ளிப்படிப்பை முடிக்கவும் வைக்கின்றன. இவை நல்லவை, மறுப்பதற்கில்லை. ஆனால் 2011 ஏப்ரலில், 30,000 டாலருக்கு ஒப்பந்தமாகி அமெரிக்கா புறப்பட இருந்த பதினெட்டு வயது இளைஞன் ஒருவன், தலைவலியில் தொடங்கிய மூளைத்தொற்றால் இறந்தான். அவனிருந்த அகாதெமியில் தகுதிபெற்ற மருத்துவப் பணியாளர் எவரும் இல்லை என்று 2013இல் ‘மதர் ஜோன்ஸ்’ இதழ் எழுதியது. 2022இல் அமெரிக்கச் சிறுகுழு ஆட்டக்காரர்கள் சங்கமானார்கள். 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தத்தில் அவர்களின் கடைநிலை ஆண்டுச் சம்பளம் 4,800 டாலரிலிருந்து 19,800 ஆனது. நெடுநாள் கனவு நிறைவேறியது என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அந்தச் சங்கத்தின் வரம்புக்குள் டொமினிகன் கோடைக் குழுவில் ஆடும் இளைஞர்கள் சேர்க்கப்படவில்லை என்பதைக் கொண்டாட்டத்தில் கவனித்தவர் குறைவு.

மேலே ஏறிவிட்டால் தப்பித்துவிடலாம் என்பதும் முழு உண்மையல்ல. ஃபெர்னாந்தோ தத்தீஸ் இளையவர் பதினெட்டு வயதில், 2017இல், ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் 20 லட்சம் டாலர் முன்பணம் பெற்று எதிர்கால வருமானத்தில் பத்து விழுக்காட்டை எழுதிக்கொடுத்தார். 2021இல் அவருடைய ஒப்பந்தம் 34 கோடி டாலருக்கு முடிந்தது. அந்த ஏற்பாட்டைச் செல்லாதென அறிவிக்கக் கோரி 2025இல் அவர் வழக்குத் தொடுத்தார். அவருடைய தந்தையே பெருங்குழுவில் ஆடியவர். அத்தகைய வீட்டுப் பிள்ளைக்கே இந்த நிலை என்றால், தந்தை பெயரே தெரியாத பிள்ளைக்கு யார் தாளைப் படித்துக் காட்டுவார்?

*

“இது இல்லாவிட்டால் அவர்கள் கரும்பு வெட்டியிருப்பார்கள்” என்பது கடைசி வாதம். இதைச் சொல்பவர்கள் தாங்கள் இரக்கம் காட்டுவதாக நினைக்கிறார்கள். ஒருவனுக்கு வேறு வழியில்லை என்பது அவனிடம் குறைவாகக் கொடுப்பதற்கான காரணமாக எப்போது ஆனது? அந்த மாற்றுவழியைக் காட்டித்தானே உலகெங்கும் கூலி குறைக்கப்பட்டிருக்கிறது? ஒப்பந்தப் பணத்தில் அம்மாவுக்குக் கட்டப்பட்ட சிமெண்ட் வீடுகள் உண்மை. பானி நகரத்து ஹொசே ராமிரெஸ் 50,000 டாலருக்குக் கையெழுத்திட்டு இன்று தன் தலைமுறையின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவராக நிற்பதும் உண்மை. அந்த உண்மைகளைத் திரைச்சீலையாக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

டிராஃப்ட் வந்தால் எல்லாம் தீரும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போர்ட்டோ ரிக்கோ 1990ஐ ஒட்டி டிராஃப்டுக்குள் கொண்டுவரப்பட்ட பிறகு, அங்கே சிறுவர்களைப் பயிற்றுவிக்கும் ஊக்கமே வற்றிப்போனது என்று அத்தீவினர் நெடுங்காலமாகக் குமுறுகிறார்கள். தத்தீஸ் போன்றவர்கள் 2022இல் எதிர்த்ததற்கு இந்த அச்சமும் காரணம். தரகரை ஒழித்துவிட்டு அவர் செய்த வேலையை ஏற்க யாரும் இல்லையெனில், சிறுவனுக்கு மிஞ்சுவது கங்காணி இல்லாத அதே தோட்டம். செய்ய வேண்டியவை எளிமையானவை, செலவு பிடிப்பவை: வாய்மொழிப் பேரத்தை மீறமுடியாத கடனாக்குங்கள், அல்லது அதைப் பேசும் அணியைத் தண்டியுங்கள், பள்ளி முடிக்கும் வயதுவரை கையெழுத்தைத் தள்ளிவையுங்கள், அதுவரை பயிற்சிக்கும் படிப்புக்கும் அணிகள் பணம் தரட்டும், கோடைக் குழு இளைஞர்களைச் சங்கத்துக்குள் எடுங்கள், கழித்துவிடும்போது ஒவ்வொருவனுக்கும் படிப்புச் செலவைக் கொடுத்தனுப்புங்கள். பணம் இருக்கிறது என்பதை மேலே கண்டோம்.

என் நண்பருக்கு இறுதியாக ஒரு பரிந்துரை. ஆன்னா போடனும் ரயன் ஃப்ளெக்கும் இயக்கிய ‘ஷுகர்’ (2008) படத்தைப் பாருங்கள். சான் பெத்ரோவிலிருந்து அயோவாவின் சோளக்காட்டு ஊருக்கு அனுப்பப்படும் ஓர் இளைஞனின் கதை. உணவகத்தில் ஆங்கிலத்தில் வேறெதுவும் கேட்கத் தெரியாமல் தினமும் ஒரே உணவைச் சாப்பிடுகிறான். வழக்கமான விளையாட்டுப் படங்களைப்போல் கடைசிப் பந்தில் வெற்றி வருவதில்லை. அவன் அணியை விட்டு நியூயார்க் போகிறான். கிடைத்த வேலையைச் செய்கிறான். ஒரு நாள் பூங்கா ஒன்றில், தன்னைப்போலவே ஒருகாலத்தில் கையெழுத்திட்டுப் பின் கழிக்கப்பட்டவர்களோடு சேர்ந்து பந்தாடுகிறான். அவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரையும் தாங்கள் இருந்த அணியையும் சொல்கிறார்கள். படம் அங்கேயே முடிந்துவிடுகிறது. சோசாவின் கதையை நாம் ஆயிரம் முறை சொல்லிவிட்டோம். அந்தப் பூங்காவில் நிற்பவர்களின் கதையை ஒரு முறையாவது கேட்ட பிறகு, வாசல் ஒன்றுதான் என்று என்னிடம் மீண்டும் சொல்லுங்கள்.